நீலமும் மஞ்சளும்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணிப்பொறித் திரையில் ஓவியம் வரைவார்க்கு நிறங்கள் எவ்வாறு கலக்கின்றன என்பதைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் பேசவந்த கரணியம் என்னை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். என்னை இப்பொருளுக்குள் இழுத்துவந்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவன்பால் நான் செய்த பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு ஒருநாள் பண்புப்பெயர்ப் புணர்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன். பசுமையும் கிளியும் புணர்ந்து பைங்கிளியாவதையும், கருமையும் விழியும் புணர்ந்து கருவிழியாவதையும் கரும்பலகையில் எழுதினேன். பிற்பகல் வகுப்பு, மாணவர் கண்களில் உறக்கம். அதனைப் போக்கும் பொருட்டு, "இரண்டு சொற்கள் கூடும்போது இரண்டிலும் இல்லாத ஒரு வடிவம் பிறக்கிறது. நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை பிறப்பதில்லையா? அதுபோல" என்றேன். கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தான். "பச்சை வராது ஐயா, சாம்பல்தான் வரும்" என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு நில்லாமல், "கண்ணால் பார்த்துவிட்டுப் பேசு" என்று கடிந்து அவனை உட்காரவைத்தேன்.

மாலையில் பள்ளி வாயிலுக்கு வெளியே அவன் நின்றுகொண்டிருந்தான். கையில் அவன் தாயின் கைப்பேசி. ஒரு சொல்லும் பேசாமல் திரையில் நீலத்தை ஒரு கோடாகத் தீட்டினான். அதன்மேல் மஞ்சளைப் பாதி அழுத்தத்தில் இழுத்தான். இரண்டும் கூடிய இடத்தில் சாம்பல் நிறம் கிடந்தது. பச்சையின் சாயலும் அங்கில்லை. கண்ணால் பார்த்துவிட்டே பேசியிருக்கிறான்; பாராமற் பேசியவன் நான்.

மறுநாள் வகுப்பில், நான் சிரித்தது தவறு என்று மாணவர் எல்லாரும் கேட்கச் சொன்னேன். அதனால் அவன் மனம் ஓரளவு ஆறியது. ஆயினும் சிக்கல் அங்கு முடியவில்லை. அவன் தந்தையார் சுவர்களில் எழுத்தும் படமும் தீட்டிப் பிழைத்தவர். கடைப் பெயர்ப்பலகை, ஊர்த் திருவிழா, தேர்தல் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் துகிலிகையைக் கீழே வையாமல் உழைத்தவர். அச்சடித்த நெகிழிப் பதாகைகள் வந்தபின் அத்தொழில் அவர் கையைவிட்டுப் போயிற்று. இப்பொழுது கட்டடங்களுக்குப் பூச்சுவேலைக்குக் கூலிக்குச் செல்கிறார். மகனோ கைப்பேசியில் ஓவியம் வரைகிறான். அதிலேயே மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்கிறான். தந்தையார் கேட்டாராம்: "மஞ்சளில் நீலம் சேர்ந்தால் என்ன வரும் என்று தெரியாத பொறியிடமா நீ படம் போடக் கற்கப்போகிறாய்?" மகன், "உங்கள் காலம் முடிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டான். பல நாள்களாக இருவருக்கும் இடையே பேச்சில்லை. இதனை அவனே சொன்னான். சொல்லும்போது அவன் குரல் நன்றாக இல்லை.

(துகிலிகை என்று நான் சொன்னதும் முன்வரிசையில் ஒரு தம்பி நெற்றியைச் சுருக்குகிறார். நற்றிணையில் உள்ள சொல்தான் தம்பி. ஓவியர் கைக்கோலுக்கு நம் முன்னோர் இட்ட பெயர். புதிதாக நான் கட்டியதன்று.)

ஆக, ஒரு வீட்டில் தந்தையும் மகனும் பேசிக்கொள்ளாமல் இருக்க ஒரு நிறம் கரணியமாயிற்று. இருவரும் தத்தம் கண்ணால் கண்டதையே சொல்கிறார்கள். எவர் சொல்வது மெய்? இதனை அறியாமல் எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. இயற்பியல் ஆசிரியரை நாடினேன், நூல்களைப் புரட்டினேன், கணக்குப் போட்டும் பார்த்தேன். நான் கண்டுகொண்டதையே உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு பம்பரம் செய்தேன். வட்டமான அட்டையில் பாதிக்கு நீலத்தாளும் பாதிக்கு மஞ்சள்தாளும் ஒட்டி, நடுவே ஒரு குச்சியைச் செருகிச் சுழற்றினோம். விரைந்து சுழலும்போது இரு நிறங்களும் கண்ணுக்குள் ஒன்றாகக் கலந்தன. தோன்றியது மங்கிய சாம்பல். வகுப்பில் பலர் மாணவனைத் திரும்பிப் பார்த்தனர். பின்னர் அதே மேசையில் நீலக்குழம்பையும் மஞ்சட்குழம்பையும் ஒரு தட்டில் குழைத்தோம். பச்சை வந்தது. ஒரே மேசையில், ஒரே மணிநேரத்தில், இரண்டும் மெய்!

இந்தப் பம்பரம் என் கண்டுபிடிப்பன்று. இசுக்காட்லாந்து நாட்டு அறிஞர் மாக்சுவெல் 1855-ஆம் ஆண்டிலேயே நிறத்தட்டுகளைச் சுழற்றி அளந்து கட்டுரை எழுதினார். நீலமும் மஞ்சளும் சுழற்சியில் பச்சையாவதில்லை என்று அதில் அவர் காட்டினார். அதற்கும் முன்னர், 1852-இல் செருமன் அறிஞர் எல்மோல்ட்சு, ஒளியோடு ஒளி கலப்பது வேறு, குழம்போடு குழம்பு கலப்பது வேறு என்று தெளிவாகப் பிரித்துரைத்தார். அதுவரை அறிஞர் பெருமக்களும் இரண்டையும் ஒன்றாகவே கருதிக் குழம்பிக்கொண்டிருந்தனர் என்றால், ஒன்பதாம் வகுப்பு மாணவனையும் சுவரோவியரையும் நாம் குறைகூற முடியுமா?

வேறுபாடு இதுதான். பம்பரத்தில் நீலத்தாளிலிருந்து வரும் ஒளியும் மஞ்சள்தாளிலிருந்து வரும் ஒளியும் மாறிமாறிக் கண்ணில் விழுகின்றன. அங்கே நடப்பது கூட்டல்; கூட்டிப் பகுத்தல். குழம்பிலோ, ஒளி உள்ளே நுழைகிறது. நீலப்பொடியின் நுண்துகளில் மோதுகிறது. அத்துகள் சிவப்பொளியின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு எஞ்சியதைச் சிதறடிக்கிறது. சிதறிய ஒளி அடுத்திருக்கும் மஞ்சட்டுகளில் மோதுகிறது; அது நீலவொளியை உறிஞ்சிவிடுகிறது. இவ்வாறு ஒரே ஒளிக்கற்றை பன்முறை இரண்டு வகைத் துகள்களிடமும் அகப்பட்டுத்தான் வெளியேற முடியும். சிவப்பை ஒருவர் விழுங்க, நீலத்தை மற்றவர் விழுங்க, இருவராலும் முழுதாக விழுங்கப்படாமல் தப்பிவருவது பச்சை. நீலக்குழம்பு என்று நாம் சொல்வதிலும் கொஞ்சம் பச்சையொளி உண்டு. மஞ்சட்குழம்பிலோ நிரம்ப உண்டு. அந்தப் பொதுப்பங்கே எஞ்சி நிற்கிறது.

என் தொழிற்சொல்லால் சொல்வதானால், பம்பரத்தில் நடப்பது இயல்புப் புணர்ச்சி. குழம்பில் நடப்பது திரிபுப் புணர்ச்சி. அன்று வகுப்பில் நான் சொன்ன உவமையில் பழுதில்லை. எந்தக் கலவைக்கு அது பொருந்தும் என்று சொல்லாததே பழுது.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளால் ஆனது. ஒவ்வோர் ஒளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். முழுநீலம் என்றால் சிவப்பு 0, பச்சை 0, நீலம் 255. முழுமஞ்சள் என்றால் சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0. இவ்விரண்டையும் பாதிப்பாதி கலக்கச் சொன்னால் பொறி என்ன செய்கிறது? கூட்டி இரண்டால் வகுக்கிறது. சராசரி என நாம் வழங்கும் அதனை நிரவல் என்பேன். நிரவினால் மூன்றும் 128-ஐ ஒட்டி நிற்கின்றன. மூன்றும் ஒத்திருந்தால் அது சாம்பல். மாணவன் கண்டது இதுவே.

இந்த நிரவலிலும் ஒரு நுண்பிழை ஒளிந்திருக்கிறது. திரையெண் ஒளியின் அளவுக்கு நேரானதன்று. 128 என்ற எண் பாதியொளியைத் தருவதில்லை; முழுவொளியில் ஏறத்தாழ 22 விழுக்காட்டையே தருகிறது. மெய்யாகவே ஒளிகளை நிரவியிருந்தால் 188-ஐ ஒட்டிய எண் வந்திருக்கும். சற்று வெளிர்ந்த சாம்பல் கிடைத்திருக்கும். எனவே பல மென்பொருள்களில் காண்பது குழம்புக் கலவையும் அன்று, பிழையற்ற ஒளிக்கலவையும் அன்று. ஆனால் எதைச் செய்தாலும் பச்சை மட்டும் வராது.

அறிவு மிக்க பொறியாளர் இதனை அறியாமலா செய்தார்கள்? இங்கேதான் பழியை ஆய்ந்து போடவேண்டும். 1984-ஆம் ஆண்டு தாமசு போர்ட்டர், தாம் தஃப் என்னும் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். திரைப்படங்களுக்காகத் தனித்தனியே ஆக்கிய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் கணக்கை அவர்கள் வகுத்தார்கள். ஒரு படத்தின் ஓரம் ஒரு புள்ளியைப் பாதியளவு மறைக்கிறது என்றால், மேலுள்ளதில் பாதி, கீழுள்ளதில் பாதி என நிரவுவதே முறை. வெட்டிய தாளைத் தாளின்மேல் வைப்பது போன்ற வேலை அது. அதற்கு அந்தக் கணக்கு குற்றமற்றது. பின்வந்த ஓவிய மென்பொருள்கள் அதே கணக்கைத் துகிலிகைக்கும் கொடுத்தன. தாளுக்கு வகுத்த நெறியைக் குழம்பின்மேல் ஏற்றினார்கள். எளிது, விரைவு, மூன்றே எண்கள். அதனால் அது நிலைத்துவிட்டது. வேற்றிடத்து நெறியை ஆராயாமல் கொண்டுவந்து பொருத்துவதால் வரும் கேட்டை நம் இலக்கண வரலாற்றில் கண்டு நொந்தவன் என்ற முறையில், எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

குழம்புக்கு உரிய கணக்கு இல்லாமலா இருந்தது? இருந்தது. 1931-ஆம் ஆண்டு பவுல் குபெல்கா, பிராண்சு மூங்கு என்னும் இருவர் வண்ணப்பூச்சின் ஒளியியல் பற்றிச் செருமன் மொழியில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நிறமியை அறிய இரண்டு எண்கள் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது ஒன்று. எவ்வளவு சிதறடிக்கிறது என்பது மற்றொன்று. அவ்விரண்டையும் ஒவ்வோர் அலைநீளத்துக்கும் தனித்தனியே அளக்கவேண்டும். கலவையில் நிரவவேண்டியவை இவையே. கண்ணுக்குத் தோன்றும் நிறத்தை நிரவலாகாது.

கணக்கின் முறையைச் சொல்லிவிடுகிறேன். அஞ்சவேண்டா, எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். தன்மேல் விழும் ஒளியில் எத்துணைப் பங்கை ஒரு குழம்பு திருப்பியனுப்புகிறதோ அதனைத் திருப்புமை என்போம். அடிப்பரப்பு தெரியாதபடி தடிப்பாகப் பூசிய பூச்சுக்கு, ஒன்றிலிருந்து திருப்புமையைக் கழித்து, வந்ததைத் தன்னாலேயே பெருக்கி, திருப்புமையின் இருமடங்கால் வகுக்கவேண்டும். வருவது, உறிஞ்சுதிறனைச் சிதறுதிறனால் வகுத்த ஈவு. இரண்டு குழம்புகளின் சிதறுதிறன் ஒத்திருந்தால் இந்த ஈவுகளையே பங்குக்கேற்ப நிரவி, மீண்டும் திருப்புமைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஓர் அலைநீளத்தில் ஒரு குழம்பு 90 விழுக்காட்டையும் மற்றொன்று 10 விழுக்காட்டையும் திருப்புகின்றன என்று கொள்வோம். முதலதன் ஈவு 0.0056, இரண்டாவதன் ஈவு 4.05. நிரவினால் ஏறத்தாழ 2.03. அதனைத் திருப்புமையாக மாற்றினால் 17 விழுக்காடு! நிரவற்கணக்கோ 50 என்று சொல்லும். உறிஞ்சுபவனே கலவையில் ஓங்கி நிற்கிறான் என்பது இதனால் விளங்கும். ஒரு குடம் வெள்ளையில் ஒரு கைப்பிடி கரி என்ன செய்யும் என்று நம் வீட்டுப் பெண்டிருக்குக் கணக்கின்றியே தெரியும்.

நம் நீலமஞ்சளையே எடுத்துக்கொண்டு, விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்ட எண்களால் போட்டுப்பார்த்தேன். நீலப்பகுதி, பச்சைப்பகுதி, சிவப்புப்பகுதி என்று ஒளியை மூன்றாகக் கொண்டால், நீலக்குழம்பு முறையே 60, 30, 5 விழுக்காட்டைத் திருப்புகிறது. மஞ்சட்குழம்பு 5, 70, 80. நிரவினால் 32.5, 50, 42.5. மூன்றும் நெருங்கிக் கிடக்கின்றன. அழுக்கேறிய மங்கல் நிறம். குபெல்கா மூங்கு முறையில் போட்டால் 9, 40, 9. பச்சைப்பகுதி மட்டும் தலைநிமிர்ந்து நிற்கிறது. இந்த எண்கள் தாளில் விழுந்த அந்த இரவில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! கணக்கில் நான் என்றும் பின்தங்கியவன். அந்தச் சுவரோவியரின் கொட்டாங்கச்சியில் நாள்தோறும் நடந்தது இந்தக் கணக்கே என்று கண்டபோது, அவரிடம் ஓடிச்சென்று சொல்லவேண்டும் போலிருந்தது.

பின் ஏன் எல்லா மென்பொருளும் இதனைக் கைக்கொள்ளவில்லை? சில தடைகள் உண்டு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியை 400 முதல் 700 நானோமீட்டர் வரை பத்துப் பத்தாகப் பகுத்தால் ஒரு நிறத்துக்கு 31 எண்கள் வேண்டும். ஒரு படத்தில் பல நூறாயிரம் புள்ளிகள். துகிலிகை நகரும் ஒவ்வொரு நொடிப்பகுதியிலும் இத்தனையையும் கணக்கிடவேண்டும். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. திரையில் ஓவியர் தெரிவது நிறத்தை, நிறமியை அன்று. ஒரே மஞ்சளாகக் கண்ணுக்குத் தோன்றும் இரண்டு குழம்புகள் வெவ்வேறு பொருள்களால் ஆனவையாக இருக்கலாம். தோற்றம் ஒன்றாயினும் கலவையில் வெவ்வேறாக நடக்கும். ஒரே வடிவுடைய சொல் இருவேறு வேரிலிருந்து பிறந்திருப்பதை நாம் அறிவோம் அல்லவா? வடிவை மட்டும் பார்த்து வேரைச் சொல்லமுடியாது. அதுபோல, மூன்று எண்களை மட்டும் பார்த்து நிறமியைச் சொல்லமுடியாது.

இத்தடைகளைத் தாண்ட ஆராய்ச்சியாளர் பலர் உழைத்திருக்கிறார்கள். 1997-இல் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் கர்ட்டிசும் அவர் தோழர்களும் நீர்வண்ண ஓவியத்தைக் கணிப்பொறியில் ஆக்கினார்கள். நீர் பரவுவதையும், பொடி படிவதையும், மேலே மேலே பூசிய மெல்லிய படலங்கள் கூடி ஒரு நிறமாவதையும் குபெல்கா மூங்கு முறையால் கணக்கிட்டார்கள். 2004-இல் வட கரோலினாவில் பாக்சுட்டர் முதலியோர் மெய்யான நிறமிகளை அளந்து, எட்டு அலைநீளங்களே போதுமாறு சுருக்கி, வரைய வரையத் தடிப்பான குழம்பு கலக்கும் கருவியொன்றைப் படைத்தார்கள். இவை ஆராய்ச்சிக்கூடத்து நற்செயல்கள்; பொது ஓவியர் கைக்கு வரவில்லை.

2020-இல் மைபெயிண்ட் என்னும் மென்பொருளின் இரண்டாம் பதிப்பு வந்தது. விலையின்றிக் கிடைப்பது, மூலநிரலும் எல்லார்க்கும் திறந்திருப்பது. அது திரையின் மூன்று எண்களிலிருந்து ஒரு நிறமாலையை உய்த்துணர்ந்து, பட்டை பட்டையாகப் பெருக்கல் முறையில் நிரவுகிறது. முன்சொன்ன 90-உம் 10-உம் பெருக்கல் முறையில் 30 ஆகின்றன. 17-க்கு எட்டவில்லை; ஆயினும் 50-ஐவிட உண்மைக்கு நெருக்கம். நீலமும் மஞ்சளும் அதில் பச்சையாகின்றன.

2021-இல் பிராகு நகரத்துச் சோகோரோவா, யாம்ரிசுகா என்னும் இருவர் செய்ததுதான் என்னை மிகவும் வியக்கவைத்தது. ஓவியர் நிறத்தைத் தெரிந்தால் தெரியட்டும். அந்த நிறத்தை நாமே நான்கு நிறமிகளின் கலவையாகப் பிரித்துக்கொள்வோம் என்றார்கள். தாலோசயனின் நீலம், குவினாக்கிரிடோன் செந்நிறம், ஆன்சா மஞ்சள், தித்தானிய வெள்ளை என்பன அந்நான்கு. ஆனால் திரையில் ஒளிரும் சில நிறங்களை எந்த நிறமியாலும் ஆக்கமுடியாது. அங்கே என்ன செய்வது? பிரித்தது போக எட்டாமல் நின்ற எச்சத்தையும் ஓர் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். கலக்கும்போது நிறமிப் பங்குகளையும் எச்சத்தையும் நிரவி, முடிவில் மீண்டும் மூன்று எண்களாக்கித் தருகிறார்கள். எச்சத்தை மறவாமையால், கலவாத நிறம் எடுத்தபடியே திரும்பக் கிடைக்கிறது. பிரிக்கும் வேலையை முன்னரே செய்து அட்டவணையாக வைத்துக்கொள்வதால் விரைவும் குறைவதில்லை. பழைய மென்பொருளின் அமைப்பையே மாற்றாமல், நிரவும் ஓரிடத்தில் மட்டும் இதனைப் பொருத்திவிடலாம். இரெபெல் என்னும் ஓவிய மென்பொருளில் இது இடம்பெற்றிருக்கிறது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வணிக நோக்கமின்றிப் பயன்படுத்துவார்க்கு அது விலையின்றிக் கிடைக்கிறது. விற்பனைக்குரிய மென்பொருளில் சேர்க்க உரிமம் பெறவேண்டும். உழைத்தவர் உழைப்புக்குக் கூலி கேட்பது முறையே, நான் மறுக்கவில்லை. ஆயினும் யாவர்க்கும் திறந்துவைக்க வேண்டும் என்னும் நெறியுடைய மென்பொருள்கள் இத்தகைய கட்டுடைய ஒன்றை எடுத்தாள்வது எளிதன்று. பணமுள்ளவன் திரையில் பச்சையும் இல்லாதவன் திரையில் சாம்பலும் வருமென்றால், கைப்பேசியில் வரையும் என் மாணவன் எந்தப் பக்கம் நிற்பான்? அளந்த எண்களைக் கொண்டு இதே வேலையைத் திறந்த முறையில் செய்ய முனைவார் சிலர் உளர் என்பது ஆறுதல்.

குபெல்கா மூங்கு முறையும் முற்றும் முடிந்த முடிபன்று. பூச்சின் மேற்பரப்பிலேயே ஒளி தெறித்துத் திரும்புவதை அது கணக்கில் கொள்ளவில்லை; 1942-இல் சாண்டர்சன் என்பார் அதற்குத் திருத்தம் தந்தார். பொடியின் நுண்மை, எண்ணெயா நீரா என்பது, காய்ந்தபின் நேரும் மாற்றம் ஆகியவை அதன் எளிய கணக்குக்கு வெளியே நிற்கின்றன.

இத்தனையையும் கற்றபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாணவன் வீட்டுக்குச் சென்றேன். தந்தையார் திண்ணையில் இருந்தார். "வாங்க ஐயா" என்று எழுந்தாரே ஒழிய, கணினியைக் கண்டதும் முகம் இறுகிவிட்டது. முதலில் பம்பரத்தைச் சுழற்றிக் காட்டினேன். சாம்பலைக் கண்டு சற்றுநேரம் பேசாமல் இருந்தார். "அப்படியானால் பையன் சொன்னது பொய் இல்லையா?" என்றார். "பொய் இல்லை ஐயா. நீங்கள் சொன்னதும் பொய் இல்லை" என்றேன். மகன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பின்னர் மைபெயிண்டைத் திறந்து அவர் கையிலேயே சுட்டியைக் கொடுத்தேன். எலிபோல் ஓடிய அதனைப் பிடிக்க அவர் பட்ட பாட்டைக் கண்டு மகன் சிரித்துவிட்டான், அவரும் சிரித்தார். நீலத்தின்மேல் மஞ்சளை இழுத்தார். பச்சை வந்தது. மகன் கிட்ட வந்து குனிந்து பார்த்தான். தந்தையார் மகிழ்வார் என்று நான் எதிர்பார்த்திருக்க, அவரோ, "பச்சை சரி, ஆனால் இது எந்த மஞ்சள்?" என்று கேட்டார். எலுமிச்சை மஞ்சளில் போட்டால் கிளிப்பச்சை வரும், சிவப்பு தூக்கலான மஞ்சளில் போட்டால் பாசிப்பச்சைதான் வரும் என்று விளக்கினார். மேலே சொன்ன, தோற்றத்துக்கும் நிறமிக்கும் உள்ள வேற்றுமையை அவர் ஒரு கேள்வியில் தொட்டுவிட்டார்!

அடுத்து நீலத்தில் வெள்ளையைக் கலந்து பார்த்தார். தலையசைத்தார். "இந்த அடர்நீலம் தனியாக இருந்தால் கறுப்பு மாதிரி தூங்கும். வெள்ளையைக் கண்டதும் விழித்துக்கொள்ளும். இது விழிக்கவில்லையே ஐயா" என்றார். தாலோசயனின் நீலத்தின் இயல்பை இதைவிடத் தெளிவாக நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. 'பெயிண்டு' என்றுதான் அவர் பொருளைச் சொல்கிறார். ஆனால் அப்பொருளின் நடத்தைக்கு அவர் வாயில் வருபவை தூங்குதல், விழித்தல், தூக்கல், இறங்குதல் என்னும் நல்ல தமிழ்ச்சொற்கள். கலைச்சொல் ஆக்குவோர் இத்தகைய திண்ணைகளுக்கு ஒருமுறை வந்து போகலாம்.

பேசிக்கொண்டிருந்தபோதே எழுந்து உள்ளே போனார். பரணிலிருந்து ஒரு பழைய தகரப்பெட்டியை இறக்கிவந்தார். கொட்டாங்கச்சிகள், காய்ந்த துகிலிகைகள், பொடிப் பொட்டலங்கள். மகன் கேளாமலேயே போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். ஒவ்வொரு கச்சியிலும் அவர் குழைக்க, மகன் அட்டையில் தடவி, பக்கத்தில் பங்கை எழுதினான்: மஞ்சள் நான்கு, நீலம் ஒன்று, மஞ்சள் எட்டு, நீலம் ஒன்று. அவ்வட்டைகளைப் படமெடுத்து, அவற்றோடு ஒப்பிட்டுத் தன் திரைக்கலவையைத் திருத்தப்போவதாகச் சொன்னான். கைப்பேசிப் படம் அளவுகோல் ஆகாது, ஒளிக்கு ஒளி மாறும் என்றேன். அப்படியானால் எல்லா அட்டைகளையும் ஒரே நண்பகலில், ஒரே திண்ணையில், ஒரு வெள்ளைத்தாளைப் பக்கத்தில் வைத்து எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

நான் விடைபெறும்போது தந்தையார் மகனிடம் கேட்டார்: "இதெல்லாம் சரிடா, இதே பொடியைச் சுண்ணாம்பில் போட்டால் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் வெளுத்து வேறொரு நிறம். உன் பொறி அதற்கு என்ன செய்யும்?" மகன் ஏட்டைப் பிரித்து, அடுத்த பக்கத்தில் 'சுண்ணாம்பு' என்று எழுதி அடிக்கோடிட்டான்.